பொன்விழா மலர் அச்சுக்குப் போகுமுன்: நம்ம ஊர் மாதர் சங்கத்துத் தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கச்சிமாருக்கு,

மலருக்காக எழுதிய சங்க வரலாற்றைப் போன வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தீர்கள். மூன்று தடவை பார்த்துவிட்டேன். உங்களுக்கு மட்டும் தனியாகப் பதில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்தச் சங்கம் நம்ம ஐந்தாறு பேருடையது இல்லையே. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள், திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் மகள் வீட்டில் போய்த் தங்கிவிட்ட அம்மாமார், எல்லோரும் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு என்று இருக்கிற நேரத்தில் இரவு உட்கார்ந்து நீங்கள் இதைத் தயாரித்திருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் அச்சாவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

நீங்கள் எழுதியதில் மொத்தம் ஆறு பக்கம். நாலு பக்கம் தலைவர்களின் படமும், விழாக்களுக்கு வந்த சிறப்பு விருந்தினர் படமும். மீதியில் 1997-98இல் அரசின் மகளிர் திட்டம் வந்த பிறகு சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது, வங்கிக் கடன், கட்டடத்துக்கு ஓடு மாற்றியது எல்லாம் இருக்கிறது. அதற்கு முந்திய காலத்துக்கு ஒரே ஒரு வரி: "தொடக்க காலத்தில் தையல், கைவேலை முதலியவை கற்றுக்கொடுக்கப்பட்டன."

அந்த ஒரு வரிக்குள் முப்பது வருஷம் போய்விட்டது, பிள்ளைகளே. அதில்தான் என் அம்மையும் உங்களில் இரண்டு பேருடைய அம்மச்சிமாரும் இருக்கிறார்கள்.

நீங்கள் வேண்டுமென்று விட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. 1997க்கு அப்புறம் உள்ளதற்கு ஃபைல் இருக்கிறது, வங்கிப் புத்தகம் இருக்கிறது, படம் இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ளதற்கு உங்கள் கையில் எதுவும் இல்லை. ஆனால் என் கையில் இருக்கிறது. அம்மை கணக்கு எழுதிய நோட்டுகள் பதினொன்று, தீர்மானப் புத்தகம் இரண்டு, டிரங்குப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துத் தரவில்லை. அந்தத் தப்பில் பாதி எனக்கும் உண்டு.

முதல் நோட்டில் முதல் பக்கம் எழுதியது சங்கம் பதிவு ஆவதற்கு ஏழெட்டு வருஷம் முன்னால். நீங்கள் பதிவுச் சான்றிதழில் உள்ள தேதியில் இருந்து ஐம்பதை எண்ணியிருக்கிறீர்கள். விழாவுக்கு அந்தக் கணக்கே இருக்கட்டும், பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று கேள்விப்பட்டேன். ஆனால் வரலாறு அந்தத் தாளில் தொடங்கவில்லை, அரிசிக் கலயத்தில் தொடங்கியது. பிடியரிசி என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. கோயில் காரியத்துக்கும் சபைக் காரியத்துக்கும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண்கள் காலங்காலமாகச் செய்து வந்ததுதான் அது. நம்ம சங்கத்துப் பெண்கள் அதை ஊர்க் காரியத்துக்கு மாற்றினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் வீடு வீடாகப் போய்க் கலயத்தைக் கவிழ்த்து வாங்குவார்கள். நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் கூடவே போய், எந்த வீட்டில் எத்தனை நாழி என்று எழுதுவேன். அதனால் அந்த நோட்டில் பல பக்கம் என் கோணல் எழுத்து.

மாதச் சந்தா நாலணா. அதைக் காசாகக் கொடுக்க முடியாதவர்கள்தான் அதிகம் என்பதால்தான் அரிசி. காசு புருஷன் கையில் இருக்கும், அரிசிப் பானை பெண் கையில் இருக்கும், அவ்வளவுதான் விஷயம். இதை எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை, ஐம்பது வயதுக்கு மேல் அந்த நோட்டைப் புரட்டும்போதுதான் பிடிபட்டது.

மலரில் உள்ள அந்த ஒரு வரியைப் படித்தால், அரிசியை விற்று முதலில் வாங்கியது தையல் மெஷின் என்று தோன்றும். இல்லை. முதலில் வாங்கியது பந்திக்குச் சோறு பொங்குகிற பெரிய வார்ப்பு ஒன்று, இரண்டு சருவம், ஒரு பெரிய அண்டா, நாலு கரண்டி. கல்யாணத்துக்கும் சடங்குக்கும் வாடகைக்கு, துட்டி வீட்டுக்கு வாடகை இல்லாமல். மரணம் நடந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும் வைத்துக் கொடுத்தது நம்ம சங்கம். எந்த வீட்டுக்கு எத்தனை பேருக்கு என்று வரிசையாக இருக்கிறது. ஒரு வீட்டில் மழைக்காலத்தில் ஒரே வாரத்துக்குள் இரண்டு மரணம், அந்தப் பக்கத்தில் அம்மையின் எழுத்து வழக்கத்தை விடச் சின்னதாக, நெருக்கமாக இருக்கிறது.

தையல் மெஷினும் லேஸ் பின்னலும் அப்புறம் வந்தவை. லேஸ் கற்றுக்கொடுத்த அக்கா முளகுமூடு மடத்தில் படித்தவர். 1897இல் பெல்ஜியத்தில் இருந்து முளகுமூட்டுக்கு வந்த மரி லூயிஸ் தெ மேஸ்தர் என்ற கன்னியாஸ்திரி தொடங்கிய மடம் அது. ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு அங்கே கைவேலை கற்றுக்கொடுத்தார்கள். அதற்கும் முந்தி, 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் தம்பதியில் மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்னாலேயே அந்த லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்களை விலைக்கு மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். ஊசியும் நூலும் அந்தப் பெண்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. "கைவேலை முதலியவை" என்று எழுதும்போது இதெல்லாம் மனசில் இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இனி சொல்லப் போவதைச் சில பேர் விரும்ப மாட்டார்கள். ஆனாலும் இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பாத்திரம் வாங்கிய மூன்றாம் வருஷம் குளத்தங்கரைக் குடியிருப்பில் இருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வார்ப்பு கேட்டு வந்தார். கொடுக்கக் கூடாது என்று சங்கத்தில் ஒரு பகுதியினர் சொன்னார்கள். காரணம் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம், எந்தத் தெருவில் யார் இருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு கூட்டம் அதிலேயே போனது. ஒரு கூட்டத்தில் சத்தம் பெரிதாகி ஆண்கள் வாசலில் வந்து நின்றார்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்த நாளுக்கு உள்ள வரி இது: "பாத்திரம் கேட்டு வருபவர் யாராயிருந்தாலும் வாடகை ஒன்றே, வரிசை ஒன்றே." அதற்குக் கீழே ஒன்பது கையெழுத்தும் பதினாலு கைநாட்டும். அடுத்த கூட்டத்தில் வருகை பாதியாகிவிட்டது. விலகிப் போனவர்களில் என் சொந்தச் சித்தியும் ஒருத்தி. அவள் எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்தது நாலு வருஷம். அம்மை அதைப் பற்றி ஒரு நாளும் எங்களிடம் பேசவில்லை, ஆனால் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்திரிக்கொத்து செய்து என்னிடம் கொடுத்து அந்த வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வரச் சொல்வாள்.

பொன்விழாவில், மார்பை மூடி உடுத்தும் உரிமைக்காக நம்ம பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிப் பேச ஒரு பேராசிரியரை அழைத்திருக்கிறீர்கள். நல்ல காரியம். 1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா உத்தரம் திருநாளின் அறிவிப்பு வந்தது. மார்பை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று அதிலேயே ஒரு கட்டுப்பாடும் இருந்தது. அந்தப் பெண்களின் பேத்திமார் என்று நாம் மேடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதே பேத்திமாரில் பாதிப் பேர், நூறு வருஷம் கழித்து, இன்னொரு பெண்ணின் கல்யாணச் சோற்றுக்கு வார்ப்பு தர மறுத்து எழுந்து போனார்கள். மீதிப் பாதி உட்கார்ந்தே இருந்து கைநாட்டு வைத்தார்கள். இரண்டும் நம்ம வரலாறுதான். போராட்டத்தைப் பற்றி மேடையில் பேசுவோம், வார்ப்பைப் பற்றி மலரில் ஒரு வரியும் எழுத மாட்டோம் என்றால் அந்தப் பதினாலு கைநாட்டுக்கு என்ன மரியாதை? விலகிப் போனவர்களின் பெயர் போட வேண்டாம், அவர்கள் பிள்ளைகள் நம்மோடுதான் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம். ஆனால் நடந்ததை எழுதுங்கள். நின்றவர்களின் பெயரைப் போடுங்கள்.

அந்தக் கைநாட்டுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரம்ப நோட்டுகளில் பக்கத்துக்குப் பக்கம் நீல மைப் பெருவிரல்கள், பக்கத்தில் அம்மை பெயர் எழுதியிருப்பாள். 1990களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது, அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை முடிந்து வருகிற பெண்களுக்கு நம்ம சங்கத் திண்ணையில்தான் இரவு வகுப்பு. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து அந்தப் பாலில் விரல் தோல் கறுத்து உரிந்திருக்கும், அந்த விரலால் எழுதுகோல் பிடிக்கவே எரியும். ஒருத்தி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து உட்காருவாள், நோட்டு முழுவதும் எண்ணெய்க் கறை. அடுத்த வருஷத் தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள்: அதே பெயர்கள், ஆனால் பெருவிரல் இல்லை, கையெழுத்து. ஒரு கையெழுத்து வரியை விட்டு மேலே ஏறிப் போகிறது, ஒன்றில் 'ள்'ளுக்குப் புள்ளி இல்லை. 2011 கணக்கெடுப்பில் நம்ம மாவட்டத்து எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம் என்று நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோமே, அந்தச் சதவீதத்துக்குள் இந்தப் பெருவிரல்களும் இருக்கின்றன. அந்த இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மலரில் படமாகப் போட்டால், சிறப்பு விருந்தினர் படம் எதுவும் அதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

அண்டியாபீஸ் பெண்கள் சங்கத்துக்குள் வந்ததும் சும்மா நடந்தது இல்லை. முதலில் கூட்டம் புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. அந்த நேரத்துக்கு யாரால் வர முடியும்? வீட்டில் இருப்பவர்களால்தான். இதை ஒரு பெண் எழுந்து கேட்டாள், "நாங்க வரப்பிடாதுன்னுதான் இந்த நேரமா வச்சிருக்கீங்களா?" என்று. அதற்கப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று மாறியது. இப்போது நீங்கள் கூட்டத்தை மறுபடி வேலைநாள் காலை பதினொன்றுக்கு வைக்கிறீர்கள், வங்கி அலுவலர் வர வசதி என்று. ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளைகளும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் எப்படி வருவார்கள் என்று யோசியுங்கள்.

ஆஸ்பத்திரிக் காரியமும் உங்கள் வரலாற்றில் இல்லை. ஆசாரிப்பள்ளத்தில் இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிற இடம் அந்தக் காலத்தில் காசநோய் ஆஸ்பத்திரி. அங்கே சேர்த்தவரைப் பார்க்கச் சொந்தக்காரர்களே தயங்குவார்கள். நம்ம ஊரில் இருந்து போனவர்களுக்கு முறை வைத்துக்கொண்டு இரண்டு இரண்டு பேராகப் பஸ் ஏறி, முட்டையும் கஞ்சியும் கொண்டுபோனார்கள். நெய்யூர் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குச் சேர்த்த பெண்களுக்குக் கூட்டிருக்க ஆள் இல்லையென்றால் சங்கத்தில் இருந்து ஒருத்தி போய் இருந்தாள். பஸ் சார்ஜ் மட்டும் கணக்கில் இருக்கிறது, இருந்தவர்களின் பெயர் இல்லை. யார் போனார்கள் என்று அம்மையிடம் கேட்டேன், "எல்லாரும்தான் போனோம்" என்றாள். மலர் அச்சாவதற்குள் உயிரோடு இருப்பவர்களிடம் போய்க் கேட்டால் இன்னும் பத்துப் பெயராவது கிடைக்கும்.

சுனாமியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், "நிவாரணப் பொருட்கள் வழங்கப்பட்டன" என்று. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. நாகப்பட்டினத்துக்கு அடுத்து அதிக உயிர் போனது நம்ம மாவட்டத்தில்தான். அன்று சாயங்காலமே நம்ம வார்ப்பும் அண்டாவும் டெம்போவில் ஏறிக் குளச்சல் பக்கம் போயின. போன பாத்திரத்தில் இரண்டு சருவம் திரும்பி வரவில்லை, அதைக் கணக்கில் "கரையில் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள், நஷ்டம் என்று எழுதவில்லை. ரோட்டோரம் எல்லாம் பழந்துணி மலை மாதிரிக் கிடந்தது, யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் அங்கே ஒரு அம்மா நம்ம பெண்களிடம் காதோடு சொன்னாள், உள்ளுடுப்பும் மாத நாளுக்கு உள்ள துணியும் இல்லாமல் பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள், முகாமில் ஆண்களிடம் கேட்க முடியவில்லை என்று. அன்றைக்கே தக்கலைக் கடைகளில் போய்ப் புதுசாக வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று போனவர்களில் இரண்டு பேர் இன்று உங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள், ஏன் எழுதவில்லை? வெட்கமா? அது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. சுனாமிக்கு நம்ம சங்கம் செய்ததில் அதைவிடப் புத்தியான காரியம் வேறு இல்லை.

ஒக்கிப் புயலுக்கு, 2017 நவம்பர் 30, நம்ம பக்கமே ரப்பரும் வாழையும் விழுந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். ஆனாலும் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்குப் போய், கடலுக்குப் போனவர் திரும்பி வராத வீடுகளில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். அதை நிவாரணம் என்று எந்தத் தலைப்பிலும் சேர்க்க முடியாது. காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டத்தில் ஏழு வருஷம் என்று இருப்பதால், சான்றிதழும் நிவாரணமும் கிடைக்குமா என்று அந்தப் பெண்கள் பயந்து கிடந்த நேரம் அது. அப்புறம் அரசு அதற்கு வழி செய்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நம்ம சங்கத்தில் இருந்து படித்த பிள்ளைகள் இரண்டு பேர் போனார்கள். இந்தத் தகவல் நோட்டில் இல்லை, நான் கண்ணால் பார்த்தது.

மகளிர் திட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கந்துவட்டிக்காரன் வாசலில் இருந்து நம்ம பெண்களை மீட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வந்தபோதே நம்ம சங்கத்து அக்கா ஒருவர் வார்டு உறுப்பினர் ஆனார், ஆண்கள் நடுவில் எழுந்து கணக்குக் கேட்கும் தைரியம் அவருக்கு இந்தத் திண்ணையில் கிடைத்தது. ஆனால் குழுக்கள் வந்த பிறகு கூட்டம் என்றாலே தவணை வசூல் என்று ஆகிவிட்டது. பிடியரிசி எப்போது நின்றது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பதினொன்றாவது நோட்டில் பாதியில் வெறும் பக்கங்கள்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். மலரை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். அச்சகத்தில் பேச வேண்டும் என்றால் நான் பேசுகிறேன், கூடுதல் பக்கத்துக்கு ஆகும் செலவில் என் பங்கைத் தருகிறேன். விருந்தினர் படங்களில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தீர்மானப் புத்தகத்தின் பக்கங்களைப் போடுங்கள். திண்ணையில் எடுத்த அந்தப் பழைய குழுப்படத்தில் முன்வரிசையில் நாற்காலியில் இருப்பவர்களுக்கு மட்டும் பெயர் போட்டிருக்கிறீர்கள். பின்னால் நிற்கிற பத்தொன்பது பேருக்கும் பெயர் உண்டு.

நோட்டுகள் என் வீட்டில்தான் இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வாருங்கள், கிழங்கும் மீனும் வைத்திருக்கிறேன். பக்கங்கள் உதிர்கிற நிலை, அதனால் கொண்டுபோக வேண்டாம், இங்கேயே வைத்துப் படம் எடுக்கிற மாதிரி ஒருவரைக் கூட்டி வாருங்கள். குழுப்படத்தை மட்டும் பெரிதாக ஒரு பிரதி எடுத்து வாருங்கள். பின்வரிசையில் உள்ளவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இப்போது மூன்று பேர்தான் ஊரில் இருக்கிறார்கள். அதில் மேலத்தெரு அம்மச்சிக்குக் காது கேட்பது குறைவு, காலையில் போனால்தான் தெளிவாகப் பேசுவார், அவரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே போய்விடுவோம். எந்த நாள் என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
சங்கத்தின் கணக்குப்பிள்ளை மகள்